நூற்று அறுபது மணித்தியாலம்

பாட்டனி டவுன்ஸ்
3 மே 2025

அன்பு மகள் கம்சாயினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு தபாலில் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் தமிழில் கத்த நீ ஆங்கிலத்தில் கத்த, கடைசியில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நீ போனை வைத்துவிட்டாய். எழுத்தில் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் அன்றைக்குக் கேட்க வந்தது இதுதான். நீ மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வேலை செய்கிற கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தேன். உன்னுடைய பெயர். அதன்கீழே ‘கல்வி அனுபவம்’ என்று ஒரு தலைப்பு. மொழிபெயர்ப்பாளர், புற்றுநோய்ப் பிரிவு, 2016 மார்ச் முதல் ஒக்டோபர் வரை, நூற்று அறுபது மணித்தியாலம். உறுதிப்படுத்தக்கூடியவர்: ரதிதேவி பிரதாபன். அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். உறுதிப்படுத்துகிறேன், உறுதிப்படுத்த முடியாது.

இரண்டையும் நான் அமத்தவில்லை. சோற்றையும் முடிக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தில் உன் அப்பா என் கண்முன்னால் கரைந்து போனார். அது உனக்குக் கல்வி அனுபவமா? நீ பக்கத்தில் இருந்தாய், வைத்தியர் சொன்னதை எங்களுக்குச் சொன்னாய். மகள் என்றால் அது செய்வதுதான். அதற்கு யாராவது மணிக்கணக்குப் பார்ப்பார்களா? தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். மருந்துக்கடையில் வேலை செய்தாய். ஒரு கோடைகாலம் முழுக்க ஆய்வுகூடத்தில் எலிகளோடு இருந்தாய். இவையெல்லாம் போதாதா?

அந்தப் பதிவை எடுத்துவிடு, பிள்ளை. மற்ற எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

அம்மா

•

ஏவன்டேல்
8 மே

அம்மா,

உங்கட கடிதம் கிடைச்சது. என்னோட வீட்டில இருக்கிற தனுஷா, அந்த மலேசியாப் பிள்ளை, கவரைப் பாத்திட்டு, “பாட்டனியில இருந்து ஸ்டாம்பு ஒட்டியா அனுப்பினாங்க உங்கம்மா? புறா கிடைக்கலியா?” எண்டு கேட்டவள். இப்ப நானும் ஸ்டாம்பு வாங்கி வைச்சிருக்கிறன்.

தமிழில எழுத எனக்கு நேரம் எடுக்கும். பிழையைச் சிவப்புப் பேனையால திருத்த வேண்டாம். திருத்துவீங்கள் எண்டு தெரியும்.

அந்த விண்ணப்பப் போம் எப்பிடி எண்டு சொல்லுறன். பத்து அனுபவம் போடலாம். ஒவ்வொண்டுக்கும் ஒரே ஒரு தலைப்புத்தான். தமிழ்ப் பள்ளி, கற்பித்தல். மருந்துக்கடை, சம்பள வேலை. எலி, ஆய்வு. இதுகள் பிரச்சினை இல்லை. அப்பான்ர விசயத்தைப் போட நான் ரெண்டு கிழமை இருந்தனான். தொண்டு எண்டு போட்டா, தொண்டெண்டா சொந்தக்காரர் இல்லாத ஆக்களுக்குச் செய்யோணுமாம். குடும்பப் பராமரிப்பு எண்டு ஒண்டு இருக்கு, ஆனா கடைசி அஞ்சு வருசத்துக்குள்ள நடந்திருக்கோணும். அப்பா அஞ்சு வருசத்துக்குள்ள சாகேல்ல. கல்விக்கு மட்டும்தான் கால எல்லை இல்லை. அதால அங்க போட்டன்.

உங்களுக்குக் கோவம் வரும் எண்டு தெரியும். ஆனா அது பொய்த் தலைப்பு இல்லை அம்மா. நான் படிச்சது அங்கதான். எலியிட்ட ஒண்டும் படிக்கேல்ல.

ஒவ்வொரு அனுபவத்துக்கும் கீழ ஒரு பெட்டி இருக்கு, என்ன படிச்சாய் எண்டு எழுத. அந்த அறையில நான் ஒரு பிழை விட்டனான். அதைத்தான் அதுக்குள்ள எழுதியிருக்கிறன். உங்களுக்கு அது தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

நீங்கள் பொத்தானை அமத்தாட்டி முழு விண்ணப்பமும் நிக்கும். முப்பதாந் திகதி கடைசி. நான் எடுக்க மாட்டன்.

கம்சா

•

பாட்டனி டவுன்ஸ்
13 மே

கம்சா,

திருத்தவில்லை. ஒரு இடத்தில் மட்டும் பேனா போனது, நிறுத்திக்கொண்டேன்.

‘அப்பா அஞ்சு வருசத்துக்குள்ள சாகேல்ல’ என்று எழுதியிருக்கிறாய். இதை இப்படி எழுத எங்கே பழகினாய்? நான் இன்னும் ‘அவர் மோசம் போனபிறகு’ என்றுதான் சொல்கிறேன். நீ கொடூரமாக எழுதினாய் என்று சொல்லவில்லை. எனக்கு அதை வாசிக்க இரண்டு தரம் எடுத்தது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் என்று உன்னைப் போட்டிருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உன்னை அந்த அறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நாங்கள் முதலில் நினைக்கவில்லை. மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியே ஒருவரை ஒழுங்குபண்ணித் தந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் திருநாவுக்கரசு. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் நின்று தேவாரம் பாடுகிற மனுசன். அப்பா அவரைக் கண்டதும் எழும்பி நின்று, தனக்கு ஆங்கிலம் விளங்கும், ஐயாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். கீழே வந்து காருக்குள் ஏறியதும் என்னிடம், “இந்தாள் ஒரு சொல் வெளியில விடாது. ஆனா ஒவ்வொரு வெள்ளியும் என்னைப் பார்க்குமே” என்றார். அடுத்த முறை உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனோம்.

நான் ஒத்துக்கொண்டேன். அந்த நேரம் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. நீ கெட்டிக்காரி, பயப்படாத பிள்ளை என்று எனக்குப் பெருமை வேறு.

பிழை விட்டதாக எழுதியிருக்கிறாய். என்ன பிழை? முன்பின் தெரியாத ஆட்கள் வாசிக்கும் பெட்டிக்குள் போட முடிகிறது, எனக்குச் சொல்ல முடியவில்லையா?

அம்மா

•

ஏவன்டேல்
17 மே

அம்மா,

சரி. சொல்லுறன். இடையில நிப்பாட்டாம வாசியுங்கோ.

ஜூன் மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை. நான் யூனிபோமோட இருந்தனான், மற்றப் பக்கத்தில நீங்கள், நடுவில அப்பா. டொக்டர் தன்ர கதிரையை இழுத்துக்கொண்டு அப்பாவுக்குக் கிட்ட வந்து இருந்தா. இந்த மருந்து சரி வரேல்ல, நிப்பாட்டுறம், இனிக் குடுக்கிறது நோவைக் குறைக்கிறதுக்கு மட்டும், கடைசி வரைக்கும் உங்களைச் சுகமா வைச்சிருப்பம் எண்டு சொன்னா. இங்கிலீசில எனக்கு எல்லாம் விளங்கினது. பதின்மூண்டு வயசெண்டாலும் விளங்கினது.

தமிழில சொல்ல வரேக்க ‘பெயின்’ எண்டதுக்கு ஒரு சொல் இல்லாமப் போச்சு. எங்கட வீட்டில தலைக்கு இடி. வயித்துக்குக் குத்து. பல்லுக்குக் கொதி. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு பேர் வைச்சிருந்தீங்கள். எல்லாத்துக்கும் பொதுவா ஒரு சொல் எனக்குத் தெரியாது. ‘நோகுது’ தெரியும். அதை எப்பிடி ஒரு பொருளா மாத்துறது எண்டு தெரியாது. மூண்டு பேரும் என்ர வாயைப் பாத்துக்கொண்டிருந்தீங்கள். நான் சொன்னனான்: “பழைய மருந்தை நிப்பாட்டுறாவாம். இனிக் குடுக்கிறது நோயைக் குறைக்குமாம்.”

நோவு எண்டு சொல்ல வேண்டியது. நோய் எண்டு சொல்லிட்டன்.

‘கடைசி வரைக்கும்’ எண்டதை நான் சொல்லவே இல்லை. அது பிழை இல்லை, பயம்.

அப்பா டொக்டரின்ர கையைப் பிடிச்சுத் தாங்யூ தாங்யூ எண்டு சொன்னவர். டொக்டருக்குக் கண் கலங்கிட்டுது. என்ன தைரியமான மனுசன் எண்டு நினைச்சிருப்பா. போகேக்க எனக்கு குட் கேர்ள் எண்டு சொன்னா.

ஓகஸ்டில கிளிநொச்சிக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்க்க இருந்தவர் அப்பா. ஒன்பது வருசமாக் கதைக்காத அண்ணன். அந்தப் பயணத்தை நிப்பாட்டினவர். “நோயாளியாப் போய் கேதீஸ் அண்ணைக்கு முன்னால நிக்க மாட்டன், சுகமாகிப் போவம்” எண்டவர். ஒக்டோபரில செத்திட்டார். பெரியப்பா போனில, “முன்னமே சொல்லியிருந்தா நான் ஓடி வந்திருப்பனே ரதி” எண்டு அழுதவர். நீங்கள் ஸ்பீக்கரில போட்டிருந்தீங்கள்.

என்ர சொல் பிழை எண்டு எனக்கு அப்பவும் தெரியாது. நோய் எண்டா ‘பெயின்’ எண்டுதான் நினைச்சிருந்தன். அடுத்த வருசம் தமிழ்ப் பள்ளியில ஒத்தசொல் படிச்சம். நோய், பிணி. அடுத்த வரியில நோவு, வலி. பென்சிலை வைச்சிட்டு ரொய்லற்றுக்குள்ள போய் இருந்தனான். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனீங்கள். என்ன எண்டு கேட்டீங்கள், வயித்துக்குத்து எண்டு சொன்னன்.

இதுதான் பெட்டிக்குள்ள இருக்கு. அந்த நூற்று அறுபது மணித்தியாலமும் இந்த ஒரு நிமிசமும் கல்வி இல்லையெண்டா வேற என்ன?

கம்சா

•

பாட்டனி டவுன்ஸ்
22 மே

என் பிள்ளை,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மூன்று நாளாக எழுத உட்கார்ந்து எழும்பிவிட்டேன். முதல் வசனத்தை எழுதிவிட்டால் மிச்சம் வந்துவிடும்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தில் பி.ஏ. முடித்தவள். இங்கத்தைய ஆட்கள் வேகமாகக் கதைத்தால் பின்தங்கிப் போவேன். ஆனால் அந்த வைத்தியர் மெதுவாகக் கதைப்பவர். ‘பெயின்’, ‘கம்ஃபர்ட்டபிள்’, இவை எனக்கு விளங்காத சொற்களா? அவர் சொல்லும்போது அப்பாவைப் பார்த்துத் தொடங்கினார், முடிக்கும்போது என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நீ அதைக் காணவில்லை, நீ சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாய்.

நீ நோய் என்று சொன்னதும் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மார்ச்சுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை. இன்றைக்கு விடுவோம், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது சான்ட்ரிங்ஹாமில் நிறுத்தச் சொல்லித் தோசை சாப்பிட்டார். முழுத் தோசை. உன்னுடையதிலும் பாதி. தொண்டையால் தண்ணீர் இறங்க மறுத்த மனுசன். அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்கு, அடுத்த கிழமை, வெள்ளிக்கிழமை போகட்டும், கோயிலில் பூங்காவனத் திருவிழா முடியட்டும். பயணத்தை நிறுத்தச் சொன்னபோது பயணச்சீட்டு எடுத்துத் தந்த ரத்னாவுக்குப் போன் செய்தது நான். போனைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போதாவது சொல்லு ரதி, சொல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு ரத்னாவிடம், “இவர் கொஞ்சம் தேறினபிறகு போவம் எண்டுறார்” என்றேன்.

கேதீஸ் அண்ணை போனில் அழுதபோது நீ பக்கத்தில் நின்றாய் என்பது எனக்கு நினைவில் இல்லை. நீ எழுதித்தான் தெரிகிறது.

ஒன்று மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. நீ பிழையாகச் சொன்னாய் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விசயம், உனக்குத் தெரியாது, தெரியாமலே வளர்ந்துவிடுவாய் என்று இருந்தேன். நீ எங்களைவிட நல்லாய்த் தமிழ் படிப்பாய் என்று உன்னைச் சனிக்கிழமை சனிக்கிழமையாக அந்தப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான்.

வயிற்றுக்குத்து என்றாய். ஓமத்தண்ணீர் தந்து படுக்கவைத்தேன்.

முதல் கடிதத்தில், ‘கல்வி அனுபவம்’ என்ற சொல்லுக்காகக் கோபப்பட்டு எழுதினேன். அது பாதிதான். அந்த அறையில் என்ன நடந்தது என்று யாரோ என்னிடம் கேட்கப் போகிறார்கள் என்ற பயம் மற்றப் பாதி. உன்னுடைய பிழைக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன், பிள்ளை. நீ அதைச் சுமந்துகொண்டு முன்னால் நின்றாய்.

அம்மா

•

ஏவன்டேல்
26 மே

அம்மா,

ரெயினில வாசிச்சனான். ஏவன்டேலில இறங்காம ஸ்வான்சன் வரைக்கும் போயிட்டன். அங்க கடைசி ஸ்டேசன். எல்லாரும் இறங்கினாப்பிறகு ஒரு அங்கிள் வந்து ஆர் யூ ஓகே எண்டு கேட்டவர்.

கிட்டத்தட்ட ஒன்பது வருசம் அம்மா. நீங்கள் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சமைக்கேக்க சொல்லியிருக்கலாம். கார் ஓட்டப் பழக்கேக்க சொல்லியிருக்கலாம்.

நான் ஏன் டொக்டராக வேணும் எண்டு எல்லாரும் கேட்பினம். நான் ஒருத்தருக்கும் உண்மையைச் சொன்னதில்லை. அந்தப் பிழையைத்தான் திருத்தப் போறன் எண்டு எனக்குள்ள வைச்சிருந்தன். அதுக்குத்தான் பயோமெட் படிப்பு, அதுக்குத்தான் எலி, அதுக்குத்தான் மூண்டு தரம் அந்த நுழைவுச் சோதனை. இப்ப பார்த்தா அப்பா பயணம் போகாதது என்னால மட்டும் இல்லை. சந்தோசப்பட வேணும் எண்டு தனுஷா சொல்லுறாள். எனக்குச் சந்தோசம் வரேல்ல. கையில இருந்த ஒரே காரணத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கு.

பெட்டிக்குள்ள எழுதினது எல்லாத்தையும் அழிச்சிட்டன். ஒரு வரிதான் இப்ப இருக்கு. பதின்மூன்று வயதில் அப்பாவுக்கு வைத்தியர் சொன்னதை மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான்.

முப்பதாந் திகதி யூனிவர்சிற்றிக்காரர் உங்களுக்கு எடுப்பினம். பொத்தான் அமத்தாத ஆக்களுக்குப் போன் எடுக்கிறவையாம். என்ன சொல்லோணும் எண்டு நான் சொல்ல மாட்டன். இனி நான் உங்களுக்கு மொழிபெயர்க்க மாட்டன்.

ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்ததா?

கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

கம்சா

•

பாட்டனி டவுன்ஸ்
31 மே

கம்சா,

எடுக்கவில்லை. எழுத வேண்டாம் என்று நீ சொல்லாதபடியால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. செப்டம்பர் கடைசியில் ஒருநாள் உன் பள்ளிக்கூடப் பை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இனிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதை ரதி, அவளுக்கு இவ்வளவும் காணும்” என்றார். தெரிந்து சொன்னாரா, களைப்பில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டிவரும். ஆறுதலுக்காக ஓம் என்று உனக்கு எழுதலாம். இனி அப்படி ஒன்றும் எழுதமாட்டேன்.

நீ வைத்தியராக வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் பிழைக்குப் பரிகாரமாக மட்டும் போகாதே. வேறு காரணம் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் இரு, நாட்டியம் பழகு, ஒன்றும் செய்யாமல் இரு.

நேற்றுப் பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் எடுத்தார்கள். கடையின் பின்பக்கம், பெட்டிகள் அடுக்கியிருக்கிற அறைக்குள் போய் நின்றேன். இளம் பெண்ணின் குரல். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை லைனில் சேர்க்கவா என்று கேட்டாள். வேண்டாம், மெதுவாகக் கதையுங்கள் என்றேன்.

மணித்தியாலம் சரியா என்றாள். சரியில்லை என்றேன். நூற்று அறுபது ஆஸ்பத்திரிக்குள் மட்டும். மருந்துக்கடைக்குப் போன் எடுத்தது, வீட்டுக்கு வந்த தாதியோடு கதைத்தது, உதவிப்பணப் பத்திரங்கள் நிரப்பினது, சவப்பெட்டி ஒழுங்குபண்ண வந்த மனுசனுக்கு நாங்கள் எரிக்கிற ஆட்கள் என்று சொன்னது, இதெல்லாம் என் மகள் எழுதவில்லை என்றேன். எத்தனை என்று போட என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பிறகு தலைப்பு. கல்வி என்பதை உறுதிப்படுத்துகிறீர்களா என்றாள். இல்லை, அது வேலை என்றேன். நாங்கள் அவளுக்கு வேலை கொடுத்தோம். நாங்கள் செய்ய வேண்டியதை அவளிடம் கொடுத்தோம். அவள் கொஞ்சநேரம் ஏதோ தேடினாள். பதினாறு வயதுக்குக் கீழே செய்ததை வேலை என்று பதிய முடியாதாம். ஒரு பிள்ளை அப்படி வேலை செய்திருக்கக் கூடாதாம். மரியாதையாகத்தான் சொன்னாள்.

“செய்தவள்” என்றேன்.

அப்படியென்றால் கல்வி என்றே விடுவோமா என்று கேட்டாள். என் மகள் என்ன போட்டிருக்கிறாளோ அதுவே இருக்கட்டும், நான் உறுதிப்படுத்துகிறேன் என்றேன்.

வேறு ஏதும் சேர்க்க இருக்கிறதா என்றாள். எல்லோரிடமும் கடைசியாகக் கேட்கிற கேள்வி போல. இல்லை என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். என் கணவர் சாகப்போகிறார் என்று எனக்கு விளங்கியிருந்தது, நான் அவருக்குச் சொல்லவில்லை, பிள்ளையின் வாயில் வந்த சொல்லையே இருக்கவிட்டேன் என்று சொன்னேன். சாவு என்ற சொல்லையே சொன்னேன். தமிழில் இதை நான் ஒருவருக்கும் வாய்திறந்து சொன்னதில்லை. ஆங்கிலத்தில், இலக்கணம் எங்கெங்கோ போக, வந்துவிட்டது.

அந்தப் பெண், தான் சரியாக எழுத வேண்டும், இன்னொரு தரம் மெதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அது முடியும்வரை போனைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா